தேங்காய் எண்ணெயை அறிந்து வாங்குவோம், அறிந்து விற்போம்

சொந்தக் காணியில் தென்னை நின்ற காலத்தில், எண்ணெய் எப்படி வந்தது என்று நாம் எவரிடமும் கேட்டதில்லை. காணியை விட்டு வந்தபின் போத்தலை நம்பியே வாங்குகிறோம். காணிக்குத் திரும்பியவர்களோ தாமே எண்ணெய் எடுத்து விற்க எண்ணுகிறார்கள். எனவே வாங்குபவராகவும் விற்பவராகவும் இருந்து இப்பாடத்தைப் படிப்போம்.

1. எல்லாம் கொப்பறாவில் தொடங்குகிறது

பச்சைத் தேங்காய்ச் சொட்டில் ஏறத்தாழப் பாதி நீர். அது நூற்றுக்கு 6 பங்காகக் குறையும்வரை உலர்த்தினால் நல்ல கொப்பறா. சுமார் 5 தேங்காயில் 1 கிலோ கொப்பறாவும், 8 தேங்காயில் 1 கிலோ எண்ணெயும் கிடைக்கும்.

ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். மஞ்சள் கலந்த பச்சை நிறப் பூஞ்சணம் அஃப்ளரொக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கக்கூடியது. அது ஈரலில் புற்றுநோயை ஏற்படுத்தும். பூஞ்சணத்தைத் துடைத்தாலும் நஞ்சு போகாது. பொரிக்கும் சூட்டிலும் அழியாது. பிண்ணாக்கிலும் தங்கி, அதைத் தின்னும் மாட்டின் பாலிலும் வரும். 2021 மார்ச்சில் இலங்கைக்கு இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் இந்நஞ்சே கண்டறியப்பட்டது.

ஆகவே:

- தேங்காய் உடைத்த அன்றே உலர்த்தத் தொடங்குவோம்.
- இரவில் பனியும் மழையும் படாமல் உள்ளே எடுப்போம்.
- பூஞ்சணம் பிடித்ததை நல்லதோடு கலக்கமாட்டோம். வறுமையில் எறிய மனம் வராது. ஆயினும் அதைச் செக்கிலும் இடவேண்டாம், மாட்டுக்கும் போடவேண்டாம்.

2. மூன்று வகை எண்ணெய்

செக்கெண்ணெய்: கொப்பறாவை ஆட்டி, வடித்து எடுப்பது. மணமும் நிறமும் உண்டு. கொப்பறா எப்படியோ எண்ணெயும் அப்படியே.

சுத்திகரித்த எண்ணெய்: கொப்பறா எண்ணெயின் புளிப்பை நீக்கி, களிமண்ணால் நிறத்தை எடுத்து, நீராவியால் மணத்தைப் போக்கியது. முறையாகச் செய்தால் நஞ்சின் பெரும்பகுதியும் நீங்கும்.

வேர்ஜின் எண்ணெய்: பச்சைத் தேங்காய்ப்பூவிலிருந்தோ பாலிலிருந்தோ, சுத்திகரிக்காமல் எடுப்பது. விலை அதிகம்.

3. சுட்டுத்துண்டை வாசிப்போம்

"கொலஸ்ரோல் அற்றது" என்பது தனிச்சிறப்பன்று. தாவர எண்ணெய்கள் எல்லாமே அப்படித்தான். தேங்காய் எண்ணெயில் நூற்றுக்குச் சுமார் 90 பங்கு நிரம்பிய கொழுப்பு என்பதையும் அறிந்து, அளவோடு பாவிப்போம்.

"மரக்கறி எண்ணெய்" என்றிருந்தால் அது பாம் எண்ணெயாகவும் இருக்கலாம். தென்னை மரப் படத்தை நம்பாமல் பெயரை வாசிப்போம்.

1 லீற்றர் எண்ணெய் 1 கிலோ அன்று. சுமார் 920 கிராமே. 750 மில்லிலீற்றர் போத்தலில் இருப்பது ஏறத்தாழ 690 கிராம். கிலோ விலையையும் போத்தல் விலையையும் ஒப்பிடும்போது இதை மறக்கலாகாது.

காலாவதித் திகதியும் தயாரித்தவரின் முகவரியும் இல்லாத எண்ணெய்க்குப் பொறுப்புச் சொல்ல எவரும் இல்லை. நாம் விற்கும் போத்தலிலும் இவற்றை எழுதுவோம்.

கலந்துரையாட:

1. எமது வீட்டு எண்ணெய் எவ்வகையானது? எங்கே ஆட்டப்பட்டது?
2. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் உலர்த்தும் மேடை அமைக்க என்ன தேவை?