சுவரில் இருந்த என் கையெழுத்து

கீரப்பாளையம்

அன்புள்ள கயலுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனில் அழுதபோதே ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் பேசினால் எனக்குக் கோபம்தான் முன்னால் வந்து நிற்கும், அதனால் எழுதுகிறேன்.

நீ போட்ட கார்ட்டூனை உன் தம்பி காட்டினான். வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் போகும் குழாய், அதன் நுனியில் ஒரு டம்ளர். இந்தப் பக்கம் கடைமடையில் ஒரு விவசாயி உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மதகின்மேல் அதைத் திறந்துமூடும் லஸ்கர் குறட்டை விடுகிறார். நல்ல கோடு கயல். அந்த விவசாயியின் விரல்களை இரண்டு தரம் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அப்புறம் அதே படத்தை இன்னொரு கோலத்தில் காட்டினான். நீ எழுதிய வாசகம் இல்லை. அந்த இடத்தில் ஒரு சாதியைக் கேவலமாகப் பேசும் வரி. மூலையில் உன் கையெழுத்தை மட்டும் பத்திரமாக விட்டுவைத்திருக்கிறார்கள். அதுதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். திட்டு வாங்க ஒரு பெயர் வேண்டுமே!

இது எனக்கும் நடந்திருக்கிறது. உன் அப்பா சொல்லியிருக்க மாட்டான்.

1989 தேர்தல் சமயம். புவனகிரி ரோட்டில் ஒரு ரைஸ்மில் சுவரைச் சுண்ணாம்படித்துக் கொடுத்திருந்தார்கள். நாற்காலியோடு தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்ட ஒரு அரசியல்வாதியை வரைந்தேன், கீழே ஒரு கிண்டல் வரி, ஓரத்தில் வழக்கம்போல என் பெயரும் ‘ஆர்ட்ஸ், கீரப்பாளையம்’ என்பதும். விடிந்து பார்த்தால் அந்த வரிமேல் யாரோ சுண்ணாம்பைப் பூசி, எதிர் வேட்பாளர் வீட்டுப் பெண்களைப் பற்றி எழுதக்கூடாததை எழுதியிருந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் நாலு பேர் வந்து என் எனாமல் டப்பாக்களை வாய்க்காலில் வீசினார்கள். நீலம் தண்ணீரில் விரிந்து போனது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

பயத்தில் நான் செய்த காரியம்தான் தப்பு. ஓடிப்போய்ச் சுவர் முழுக்க வெள்ளையடித்துவிட்டேன். என் ‘ழ’வின் வால் உள்பக்கம் சுழியும். அந்த ஆளுடையது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தொழில் தெரிந்தவன் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் இரண்டு கை என்று சொல்லிவிடுவான். அந்தச் சாட்சியை நானே என் பிரஷ்ஷால் அழித்தேன். குற்றமில்லாவிட்டால் எதற்கு அழித்தான் என்று ஊரே கேட்டது. இரண்டு வருஷம் எனக்குச் சுவர் வேலை வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், படத்தை எடுத்துவிடாதே. நீ போட்டது போட்ட இடத்தில், போட்ட தேதியோடு இருக்கட்டும். காகிதத்தில் பென்சிலால் போட்ட முதல் கோட்டையும் கம்ப்யூட்டரில் இருக்கும் மூலத்தையும் பத்திரப்படுத்து. திருத்திய படம் யார் கணக்கில், எந்தத் தேதியில் வந்தது என்பதையும் படம்பிடித்து வை. புகார் கொடுப்பது அதற்குப் பிறகு.

சிதம்பரம் கோர்ட்டில் இருக்கும் என் வக்கீல் நண்பரிடம் கேட்டேன். வரைந்த நிமிஷத்திலேயே காப்புரிமை உனக்கு வந்துவிடுகிறது, எங்கும் பதியத் தேவையில்லை என்றார். 1957 காப்புரிமைச் சட்டத்தில் 57ஆவது பிரிவு என்று ஒன்று. உரிமையை நீ விற்றே இருந்தாலும், உன் பெயர் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கலாமாம். டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் என்ற சிற்பி செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் வழக்காடினார். சிற்பத்தையும் ஐந்து லட்ச ரூபாயையும் அவருக்குக் கொடுக்கச் சொல்லி 2005இல் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. எத்தனை வருஷம் ஆயிற்று பார். உன்னைக் கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை, எழுத்தில் ஒரு புகார் கொடு என்கிறேன்.

மன்னிப்புக் கேட்கட்டுமா என்றாய். நீ எழுதாத வரிக்கு நீ எப்படிக் கேட்பாய்? 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ., மந்திரிகளைக் கிண்டலடித்து ஒரு ஜோக் வந்தது. ஆசிரியர் பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். சட்டசபை மூன்று மாதம் சிறை என்றது. எதிர்ப்புக் கிளம்பியதும் இரண்டே நாளில் விட்டுவிட்டார்கள். கைது செல்லாது என்று ஹைகோர்ட் பிறகு சொல்லி ஆயிரம் ரூபாய் நஷ்டஈடும் கொடுத்தது. அதை அவர் ஃப்ரேம் போட்டு வைத்துக்கொண்டார்! கார்ட்டூனிஸ்ட் பாலாவை அவர் போட்ட படத்துக்காக 2017 நவம்பரில் வீட்டிலிருந்து கைதுசெய்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்களே, உனக்கே தெரியும். அவர்கள் எல்லாம் தாங்கள் சொன்னதற்காக நின்றவர்கள். உன் சங்கடம் வேறு. நீ சொல்லாததை உன் வாயில் வைத்திருக்கிறார்கள். ‘இது என் வரி அல்ல, என் படம் இதோ’ என்று ஒரு தரம் சொல். மறுதரம் வேண்டாம். கூலிக்குத் திட்டுகிறவனுக்கு நீ எழுதும் ஒவ்வொரு பதிலும் ஒரு நாள் சம்பளம்.

ஆனால் திட்டுகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதே. ஆர்.கே.லட்சுமண் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை வைத்து ஒரு கார்ட்டூன் போட்டார். கல்லெறியும் மாணவனுக்கு இங்கிலீஷும் வராது என்கிற மாதிரி கிண்டல். பத்திரிகையில் வந்த படம், அந்த நாளோடு போயிருக்கும். அதையே பிற்பாடு பன்னிரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் சேர்த்தார்கள். 2012இல் தமிழ்நாடு கொதித்தது. அவர் ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை, படம் இடம் மாறியதுதான். ஆனால் அந்த 1965 ஜனவரி 27 அன்று இங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தான். அண்ணாமலை நகரில் அவன் சிலையைப் பார்த்துக்கொண்டே போய்வரும் எங்களுக்கு அந்தப் படத்தில் எப்படிச் சிரிப்பு வரும்? லட்சுமணை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ஒரு படம் மட்டும் பிடிக்காது.

உனக்கு வந்த அத்தனை வசவையும் தம்பியை விட்டுப் படிக்கச் சொன்னேன் (சிலதைப் பெரியம்மா காதில் விழாமல்). முக்கால்வாசி குப்பை. ஒன்று மட்டும் அப்படி இல்லை. ‘எங்கப்பா லஸ்கர். எஞ்சினியர் சொன்னால்தான் ஷட்டரைத் தொடுவார். நடுராத்திரி மழையில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மதகைத் திருப்பியிருக்கிறார். அவர் தூங்குவதாக ஏன் போட்டீர்கள்?’ என்று ஒரு பையன் எழுதியிருக்கிறான். அவன் காட்டியது உன்னுடைய அசல் படத்தை, திருத்தியதை அல்ல.

அவன் சொல்வது சரி கயல். தண்ணீர் யாருக்கு என்று முடிவெடுக்கிறவர் மதகில் உட்கார்ந்திருப்பதில்லை. மேசையை வரைவது கஷ்டம், லஸ்கரை வரைவது சுலபம், அதனால் வரைந்துவிட்டாய். நானும் முப்பது வருஷம் அப்படித்தான் சுலபமானவர்களை வரைந்தேன். அந்தப் பையனுக்கு மட்டும் நீயே உன் கைப்பட எழுது.

ஆருத்ராவுக்கு வருகிறாய் அல்லவா? ஏரியில் அப்போது தண்ணீர் நிற்கும். காலையில் சைக்கிளில் போகலாம், கரைமேல் எனக்குத் தெரிந்த லஸ்கர் ஒருவர் இருக்கிறார். ஷட்டரை அவர் எப்படித் திருகுகிறார் என்று பக்கத்தில் நின்று பார். ஸ்கெட்ச் புக்கை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
பெரியப்பா