பகடை சொல்லும் கதை

பகடை என்றதும் நம்மில் பலருக்குச் சகுனியும் தருமரும் நினைவுக்கு வருவார்கள். சிலருக்குப் பாட்டி வீட்டுத் திண்ணையில் பித்தளைத் தாயக்கட்டையை உருட்டிய கோடை விடுமுறை நினைவுக்கு வரலாம். இன்று நம் பிள்ளைகளில் சிலர் பள்ளி நண்பர்களுடன் வேறொரு பகடை ஆட்டம் ஆடுகிறார்கள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேசிப் பேசியே ஒரு கதையை வளர்க்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துவார். முடிவு தெரியாத கட்டம் வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். இதில் பணயம் கிடையாது.

வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைகள் பலர், தமிழில் கேட்டால் 'ஆமாம்', 'இல்லை' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அடுத்த வரி ஹிந்திக்கோ ஆங்கிலத்துக்கோ தாவிவிடுகிறது. அவர்களைத் தமிழில் தொடர்ந்து பேச வைக்க இந்த ஆட்டம் உதவுமா? உதவும். ஆனால் அது எந்தப் பகடை முறையைக் கையாள்கிறோம் என்பதைப் பொறுத்தது. நான்கு முறைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

நான்குக்கும் ஒரே காட்சியை வைத்துக்கொள்வோம். கயல் என்ற சிறுமி, வெள்ளம் புரளும் ஆற்றைக் கடந்து, அக்கரையில் இருக்கும் பாட்டிக்கு மருந்து கொண்டு போக வேண்டும்.

1. ஆமாம் அல்லது இல்லை

இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி, அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் இருவரும் 1974-இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல், பெரும்பாலான முயற்சிகளுக்கு 20 முகப் பகடை ஒன்றை உருட்டித் திறமை எண்ணைக் கூட்டுகிறார்கள். ஆற்றைக் கடக்க 15 வேண்டும், கயலின் திறமை 4 என்றால், பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 20 முகங்களில் 10 முகங்கள் சாதகம். அதாவது சரிபாதி வாய்ப்பு.

கணக்கு எளிது. ஆனால் விடை 'கடந்தாள்' அல்லது 'கடக்கவில்லை' என்பதோடு நின்றுவிடும். அதற்கு மேல் கதையை வளர்ப்பது நடத்துபவரின் சாமர்த்தியம்.

2. ஆமாம், ஆனால்...

2010-இல் வின்சென்ட் பேக்கர் வெளியிட்ட 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' இரண்டு ஆறுமுகப் பகடைகளைக் கொண்டது. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை என்றால் வெற்றிதான், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் நடத்துபவர் ஒரு சிக்கலைக் கொண்டுவருவார்.

இரண்டு பகடைகளைச் சேர்த்து உருட்டினால் நடு எண்கள் அதிகம் விழும். தாயக்கட்டையிலும் இதே கதைதான். ஒரு கட்டையின் நான்கு முகங்களில் 0, 1, 2, 3 இருப்பதால், இரண்டு கட்டைகளும் 16 விதமாக விழலாம். அதில் தாயம் விழ இரண்டே வழி. மூன்று விழ நான்கு வழி. தாயத்துக்காகக் காத்துக் கிடந்ததன் காரணம் இதுதான்!

இரண்டு ஆறுமுகப் பகடைகள் 36 விதமாக விழும். திறமை எண் ஏதும் சேர்க்காவிட்டால் முழு வெற்றிக்கு 6 வழி, விலையுள்ள வெற்றிக்கு 15 வழி, சிக்கலுக்கு 15 வழி. திறமை 1 சேர்ந்தால் இவை முறையே 10, 16, 10 ஆகிவிடும்.

கயலுக்கு 8 விழுந்தால், 'ஆற்றைக் கடந்துவிட்டாள், ஆனால்...' என்று வாக்கியம் தொக்கி நிற்கும். மருந்து நனைந்ததா? செருப்பு அடித்துப் போயிற்றா? பிள்ளை பேசித்தான் ஆக வேண்டும்.

3. கூட்டலும் கழித்தலும்

ஸ்டெஃபன் ஓ'சல்லிவன் 1992-இல் உருவாக்கிய 'ஃபட்ஜ்' ஆட்டத்தின் பகடையில் எண்களே கிடையாது. இரண்டு முகங்களில் கூட்டல் குறி, இரண்டில் கழித்தல் குறி, இரண்டு வெற்று. 2003-இல் வந்த 'ஃபேட்' இதையே எடுத்துக்கொண்டது. நான்கு பகடைகளை உருட்டித் திறமையோடு கூட்ட வேண்டும்.

மொத்தம் 81 வாய்ப்புகளில் பூச்சியம் 19 முறை வரும். முழு நான்கு ஒரே ஒரு முறைதான். ஆகவே இங்கே அதிர்ஷ்டத்தைவிடப் பாத்திரத்தின் திறமையே பெரிது. கயல் நல்ல நீச்சல்காரி என்றால் பெரும்பாலும் அவள் கடந்துவிடுவாள். விழுந்தது தேவைக்குச் சரியாக இருந்தால், சிறு இழப்போடு காரியம் கைகூடும்.

4. இரண்டு கேள்விகள்

2013-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்: எட்ஜ் ஆஃப் தி எம்பயர்' தனிக் குறிகள் பொறித்த பல நிறப் பகடைகளைக் கொண்டது. வெற்றிக் குறியும் தோல்விக் குறியும் ஒன்றையொன்று கழிக்கும். அனுகூலக் குறியும் ஆபத்துக் குறியும் தனியே கழியும். எனவே விடை இரண்டு: நினைத்தது நடந்ததா? கூடவே நல்லது வந்ததா, கெட்டது வந்ததா?

'கயல் கடக்கவில்லை, ஆனால் படகுக்காரர் அவளைப் பார்த்துவிட்டார்' என்பது இம்முறையில் இயல்பாகப் பிறக்கும். தோல்வியிலும் ஒரு கதவு திறக்கும் என்பது பிள்ளைகளுக்கு நல்ல பாடம். குறை ஒன்றே: இதற்கென விற்கும் பகடைகளை வாங்க வேண்டும்.

வீட்டுக்கு ஏற்றது எது?

கூட்டல் மட்டும் அறிந்த சிறு பிள்ளைகளுக்கு இரண்டாம் முறையே பொருத்தம். லூடோ பகடை இரண்டு போதும். ஒரு எச்சரிக்கை: 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' நூல் வயது வந்தோருக்கானது, அதன் பகடை விதியை மட்டும் எடுத்துக்கொண்டு கதையை நம் விருப்பப்படி அமைக்கலாம். மூன்றாம் முறைக்கும் லூடோ பகடையே உதவும்: 1, 2 கழித்தல், 3, 4 வெற்று, 5, 6 கூட்டல்.

தாத்தாவோ பாட்டியோ கதையை நடத்தட்டும். 7, 8, 9 விழும்போதெல்லாம் 'ஆனால்', 'இருந்தாலும்', 'அதனால்' என்ற சொற்களில் ஒன்றைச் சேர்த்துப் பிள்ளை தமிழில் வாக்கியத்தை முடிக்க வேண்டும் என்று விதி வைப்போம். தப்பும் தவறுமாகச் சொன்னாலும் இடைமறித்துத் திருத்த வேண்டாம், கதை ஓடட்டும்.

குழந்தைகளுக்குப் பயிற்சி

அ. இரண்டு ஆறுமுகப் பகடைகளில் கூட்டுத்தொகை 7 விழ எத்தனை வழிகள்?

ஆ. தாயக்கட்டையில் இரண்டும் வெற்றாக விழுந்தால் பன்னிரண்டு. அதற்கு 16-இல் எத்தனை வழி?

இ. 'கயல் ஆற்றைக் கடந்தாள்; ஆனால்...' மூன்று விதமாக முடித்து எழுதுக.

விடை: அ. 6. ஆ. 1. இ. இதற்கு விடை உங்களிடம்தான் இருக்கிறது!