எதில் சிக்கனம் பிடிக்கலாம்?

கேள்வி: 60,000 ரூபாயில் கேமிங் கம்ப்யூட்டரை நானே அசெம்பிள் செய்ய ஆசை. எதில் செலவைக் குறைக்கலாம்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: கேபினெட்டில் குறையுங்கள். கலர் விளக்கும் கண்ணாடிக் கதவும் கேமை ஒரு ஃப்ரேம்கூட வேகமாக்காது; முன்பக்கம் காற்று புக வலை இருந்தால் போதும். மிச்சமாகும் பணம் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். 1080பி திரைக்கு ரைசன் 5 5600 பிராசஸர், 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 கார்டு இரண்டும் நல்ல ஜோடி. இந்த பிராசஸரில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டை அப்புறம் வாங்கலாம் என்று தள்ளிப்போட்டால் திரையில் படமே வராது.

பவர் சப்ளையில் மட்டும் கை வைக்காதீர்கள். கேபினெட்டோடு இலவசமாகத் தருகிறேன் என்று பெயர் தெரியாத ஒன்றைக் கடைக்காரர் நீட்டினால், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பழுதானால் மற்ற பாகங்களையும் காவு வாங்கிவிடலாம். நல்ல கம்பெனியின் 550 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) சான்றுள்ளது தாராளமாகப் போதும்.

ரேம் 16 ஜிபி ஒன்றாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். இரட்டைச் சேனலில் ஓடும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். எந்த ஸ்லாட்டில் செருகுவது என்று மதர்போர்டு கையேட்டைப் பாருங்கள். கடைசியாக பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் 3200 என்று எழுதியிருக்கும் ரேம் 2133-லேயே ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.