வண்டி கட்டப்போகும் மருமகனுக்கு

பாம்பன்.

அன்புள்ள மருமகனே,

பழைய மாருதி ஒன்றை வாங்கி, மேல்கூட்டைக் கழற்றிவிட்டு, பைபரில் நீயே கார் கட்டப்போகிறாயாமே. அக்கா போனில் புலம்பித் தீர்த்தாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

உனக்கு முன்னோடி உண்டு. 1948-இல் காலின் சாப்மன் என்ற லண்டன் இளைஞன், காதலியின் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில், பழைய ஆஸ்டின் செவனை வைத்து முதல் காரைக் கட்டினான். (காதலி விஷயம் அக்காவுக்கு வேண்டாம்.) லோட்டஸ் கம்பெனி அப்படி முளைத்ததுதான். 1957-இல் வந்த லோட்டஸ் செவனை உதிரிப் பாகங்களாகவும் விற்றார்கள். முழு வண்டிக்குத்தான் கொள்முதல் வரி. உதிரியாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வரியில்லை. பூட்டும் முறையை எழுதித் தரக் கூடாது என்பதால் கழற்றும் முறையை எழுதித் தந்தார்களாம், கீழிருந்து மேலாகப் படித்துக்கொள்ளச் சொல்லி! 1973-இல் வரி முறை மாறியது, சலுகை போயிற்று. அந்த வருடமே செவன், கேட்டர்ஹாம் என்ற விற்பனையாளர் கைக்கு மாறியது.

நம் பக்கத்தில் பெங்களூர் சிபானி கம்பெனி. இங்கிலாந்தின் ரிலையன்ட் கம்பெனி செய்த கிட்டன் காரை, 1982 வாக்கில் டால்பின் என்று இங்கே இறக்கினார்கள். 848 சிசி எஞ்சின், பைபர் உடம்பு, இரண்டே கதவு. உப்புக் காற்றில் துருவே ஏறாத உடம்பு, நம் கரைக்கென்றே செய்தது போல. ஆனால் 1983 டிசம்பரில் மாருதி 800 பக்கத்துக்கு இரண்டு கதவோடு வந்தது. முன்சீட்டை மடக்கி அப்பத்தாவைப் பின்னால் திணிக்க எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? சிபானி நாலு கதவு மொன்டானாவைக் கொண்டுவந்தபோது சனம் மாருதிக்குப் பழகிவிட்டது.

சிபானியைக் கவிழ்த்தது கதவு, உன்னைத் தடுக்கப்போவது சட்டம். அதனால் பழைய மாருதிக்கு அலையுமுன் ஆர்டிஓ ஆபீசுக்கு ஒரு நடை போ. புது வடிவ வண்டி, சோதனை மையத்தில் தேறிய பிறகே ரோட்டுக்கு வரலாம். பழைய வண்டியை இஷ்டத்துக்கு மாற்றவும் சட்டம் விடாது. தோப்புக்குள் ஓட்டத்தான் கட்டுகிறாய் என்றால், கட்டு.

அதற்கும் கை பழக வேண்டும். அச்சுக்கு மெழுகு பூசுவதில் சோம்பல்பட்டால் கூடு பிய்த்துக்கொண்டுதான் வரும். நான் பைபர் பட்டறை வைத்த முதல் வருடம், சித்திரை மதியத்தில், ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரை மார்கழி அளவுக்கே ஊற்றிவிட்டேன். கண்ணாடி இழைப் பாயில் தடவுமுன்னே ரெசின் வாளியிலேயே கல்லாகி, புகைந்தது. அந்த வாளி இன்னும் பட்டறை வாசலில் கிடக்கிறது. கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் மட்டும் நேருக்கு நேர் கலந்துவிடாதே, வெடித்துவிடும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் ஹார்ட்னர்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். கரையேறிய விசைப்படகுகளுக்கு பைபர் ஒட்ட ஆள் போதாது. வந்துவிடு. முழுக்கைச் சட்டை நாலு கொண்டு வா, கண்ணாடித் தூள் பட்டால் ராத்திரியெல்லாம் அரிக்கும். அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் மாமா