திருச்சியில் ஒரு நாள்

திருச்சியில் காணத்தக்க இடங்கள் பல. காலையிலேயே புறப்பட்டால் ஒரே நாளில் நான்கைக் கண்டுவிடலாம். அவை நான்கும் கற்பிக்கும் பாடம் ஒன்றே.

வெயில் ஏறுமுன் 83 மீட்டர் உயரமுள்ள மலைக்கோட்டையில் ஏற வேண்டும். வழியில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயிலில் அழகிய கங்காதரர் சிற்பம் உள்ளது. உச்சியிலிருந்து காவிரியும், கொள்ளிடமும், நடுவே திருவரங்கத் தீவும் தெரியும்.

கீழிறங்கினால் தெப்பக்குளத்தருகே தூய லூர்தன்னை ஆலயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சேசு சபைக் குருக்கள் எழுப்பியது. பக்கத்திலுள்ள தூய வளனார் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல் இங்கு வந்தது.

பிற்பகலில் திருவரங்கம். கோயிலைச் சுற்றி ஏழு மதில்கள். வெளிச்சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் நிறைந்த தெருக்கள்! தெற்கு இராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் அடிநிலையோடு மொட்டையாக நின்றது. அகோபில மடத்தின் 44ஆம் ஜீயரின் முயற்சியாலும் பலர் அளித்த நன்கொடையாலும் 1987இல் பதின்மூன்று நிலைகளுடன் 236 அடி உயர்ந்தது.

மாலையில் முக்கொம்பு. இங்கேதான் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. 1836இல் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் உடைந்தன; பின்னர் அருகே புதிய கதவணை எழுந்தது.

ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடிக்கிறார். கட்டியதைக் காப்பதும் கட்டுவதைப் போன்ற கடமையே. தோழியரே, பழஞ்சுவர்களில் பெயர் கிறுக்காமலும் காவிரியில் குப்பை எறியாமலும் இருப்போம். அதுவே இப்போது நம்மால் இயன்ற திருப்பணி.