கைபேசியை மாற்றுவது எப்போது?

நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும் இன்று பல குடும்பங்களில் எழும் கேள்விகளுள் ஒன்று, "புதிய கைபேசி வாங்கலாமா?" என்பதாகும். விதை, உரம், கூலி, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு வேண்டிய பணமே இதற்கும் செலவாகிறது. ஆகவே, விளம்பரத்தைக் கண்டு முடிவு செய்யாமல், கையிலுள்ள கருவியின் நிலையைக் கண்டு முடிவு செய்தல் நலம்.

கிணற்று மோட்டாரில் தண்ணீர் வரத்துக் குறைந்தால் உடனே மோட்டாரை மாற்றுவார் எவருமில்லை. புட்வால்வையும் குழாயையும் முதலில் சோதிப்போம். கைபேசிக்கும் இம்முறையே பொருந்தும். சோதிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பாட்டரி. பல கைபேசிகளின் பாட்டரி, சுமார் 500 முறை முழு மின்னேற்றம் பெற்றபின், தன் முதல் கொள்ளளவில் ஏறக்குறைய 80 சதவீதமே தாங்கும். இது தேய்மானமேயன்றிக் கருவியின் கோளாறு அன்று. புது பாட்டரி போட்டால் சரியாகும். வெயிலில் வரப்பின்மேல் வைப்பது பாட்டரியின் ஆயுளைக் குறைக்கும். பாட்டரி உப்பியிருந்தாலோ மின்னேற்றத்தை உடனே நிறுத்தி, பழுது பார்ப்பவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாவது, இட நெருக்கடி. படங்களும் வீடியோக்களும் நிறைந்துவிட்டால் கருவி மெதுவாக இயங்கும். வேண்டாதவற்றை நீக்கினாலே பெரும்பாலும் குறை தீரும். 2018-இல் தொடங்கப்பட்ட உழவன் செயலி போன்ற அன்றாடம் வேண்டியவை தடையின்றி இயங்குமாயின், கருவியை மாற்ற அவசரமில்லை.

மூன்றாவது, பாதுகாப்பு. இதுவே முக்கியமானது. புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை உற்பத்தியாளர்கள் சில ஆண்டுகளே அனுப்புவர். கடைசிப் புதுப்பிப்பின் தேதியைக் கருவியின் அமைப்புகள் பகுதியில் காணலாம். அது நின்று நெடுநாளாகியிருந்தால், வங்கிக் கணக்கை அக்கருவியில் வைத்திருத்தல் தகாது. பணம் செலுத்தும் செயலிகளை அதிலிருந்து நீக்கிவிட்டு, பேசுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பணப் பரிமாற்றமும் கைபேசியிலேயே நடைபெற வேண்டுமாயின், அதுவே மாற்றுவதற்குரிய தருணம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 12,000 ரூபாய்க் கைபேசியை 2 ஆண்டுகளில் மாற்றினால், மாதச் செலவு 500 ரூபாய். 1,200 ரூபாயில் பாட்டரி மாற்றி மேலும் 2 ஆண்டுகள் உபயோகித்தால், மாதச் செலவு 275 ரூபாயே. பழுதுச் செலவு புதிய கருவி விலையில் பாதியைத் தாண்டும்போது மட்டும் புதியதைப் பற்றி யோசிக்கலாம். வாங்கும்போதும், பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகள் வரும் என்பதைக் கேட்டறிந்த பின்னரே வாங்குக.

பழைய கருவியைக் குப்பையில் எறிவதோ எரிப்பதோ கூடாது. அதிலுள்ள ஈயம் முதலியவை மண்ணையும் நீரையும் கெடுக்கும். சிம் கார்டை எடுத்து, உள்ளிருக்கும் விவரங்களை அழித்த பின்னரே கைமாற்ற வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அமலிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு பெட்டி வைத்துப் பழைய கருவிகளைச் சேகரித்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க அங்கத்தினர்கள் ஏற்பாடு செய்யலாம். மேற்கண்ட மூன்று சோதனைகளையும் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் விளக்கினால், பல குடும்பங்களின் அறுவடைப் பணம் வீணாகாமல் மிஞ்சும்.