ஏற்றம் இறைக்க மறுத்த தோட்டக்காரர்
தாவோ நெறியின் வாழ்வியல் நோக்கு

சீனத் தொன்மைச் சிந்தனைகளுள் ஒன்றாகிய தாவோ நெறியைப் பற்றி நம்மிடையே ஒரு கருத்து நிலவி வருகிறது. அது செயலின்மையைப் போற்றுவது. ஆகவே சோம்பலுக்குத் துணைபோவது என்பதே அக்கருத்து. 'வூ வெய்' என்னும் சீனச் சொல்லைச் 'செய்யாமை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் நேர்ந்த குழப்பம் இது. அந்நெறியின் நூல்களுள் புகுந்து பார்ப்போர் அங்கே தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுபவரையும், சக்கரம் செய்யும் தச்சரையும், மரத்தில் சிற்பம் செதுக்குபவரையும், படகு செலுத்துபவரையுமே காண்பர். சோம்பிக் கிடப்போரைக் காண்பது அரிது.

நூல்களுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, லாவோட்சு பெயரால் வழங்கும் 'தாவோ தே ஜிங்'. 81 சிறு பகுதிகளும் ஏறத்தாழ 5000 சீன எழுத்துகளும் கொண்ட சிறு நூல் இது. லாவோட்சு என்பார் ஒருவரா, பலர் வாக்கு ஒரு பெயரில் தொகுக்கப்பட்டதா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எனினும் நூலின் பழமைக்குச் சான்று மண்ணுக்குள்ளிருந்தே கிடைத்துள்ளது. கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையிலிருந்து பட்டுத்துணியில் எழுதிய இரண்டு படிகள் 1973இல் வெளிப்பட்டன. 1993இல் குவோதியென் என்னுமிடத்தில், கி.மு. 300ஐ ஒட்டிய காலத்துக் கல்லறை ஒன்றில், இந்நூலின் பகுதிகள் மூங்கிற் சிம்புகளில் எழுதப்பட்டுக் கிடைத்தன. ஓலைச்சுவடிகளைப் பேணி வந்த குடும்பத்தார்க்கு இச்செய்தியின் அருமை சொல்லாமலே விளங்கும்.

இந்நூலின் 67ஆம் பகுதி, தான் காத்துவரும் செல்வங்கள் மூன்று என்று கூறுகிறது. அருள், சிக்கனம், உலகில் முந்தி நிற்கத் துணியாமை என்பன அவை. அருளிலிருந்தே துணிவு பிறக்கும் என்றும், சிக்கனத்திலிருந்தே வண்மை பிறக்கும் என்றும் அது தொடர்ந்து விளக்குகிறது. போதும் என்று அறியாமையே பெருங்கேடு என்னும் கருத்து 46ஆம் பகுதியில் வருகிறது. மிகுபொருள் விரும்பாமையை விரதமாக ஏற்ற நமக்கு இவை அயலான கருத்துகள் அல்ல. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இல்லறத்தார் தம் உடைமைக்கு இவ்வளவு என்று முன்னரே அளவு வகுத்துக்கொள்வது நம் மரபு. லாவோட்சு அளவு எதனையும் வகுப்பதில்லை. போதும் என்று உணரும் மனத்தையே அளவுகோலாக நிறுத்துகிறார். மனமோ தன்னை ஏமாற்றிக் கொள்வதில் வல்லது. அங்ஙனமாயின் இவ்வளவுகோலை நம்புவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் இரண்டாவது நூலுக்குச் செல்லுதல் வேண்டும்.

அது கி.மு. நான்காம் நூற்றாண்டினரான சுவாங்ட்சு பெயரால் வழங்குவது. இன்றுள்ள 33 இயல்களுள் முதல் ஏழே அவருடைய வாக்கு என்றும், ஏனையவை அவர்வழி வந்தோர் சேர்த்தவை என்றும் ஆய்வாளர் பலர் கருதுவர். இந்நூலில் பெரும்புகழ் பெற்றது ஒரு சமையற்காரர் எருதை அறுத்துக் கூறுபோடும் கதை. கருத்து நுட்பமானதே, ஆனால் கொலையைக் கலையாகக் காட்டும் அவ்வுவமையில் நம் மனம் ஒன்றுவதில்லை. 12ஆம் இயலில் வரும் தோட்டக்காரர் கதை நமக்குப் பொருத்தமானது. அதனைவிட ஆழமானது என்றும் சொல்லத் தோன்றுகிறது.

கன்பூசியஸின் மாணவருள் சொல்வன்மையும் உலகியல் திறனும் மிக்கவர் ட்சுகோங் என்பார். அவர் தென்னாட்டுப் பயணம் முடித்துத் திரும்பும் வழியில், ஹான் ஆற்றங்கரையை அடுத்து ஒரு முதியவர் தோட்டப் பாத்திகளுக்கு நீர் பாய்ச்சக் காண்கிறார். முதியவர் கிணற்றுக்குள் இறங்க வழி குடைந்து வைத்திருக்கிறார். அவ்வழியே இறங்கி, குடத்தில் நீர் மொண்டு, அதனை இரு கைகளாலும் அணைத்தபடி மேலேறி வந்து பாத்தியில் ஊற்றுகிறார். உழைப்போ மிகுதி, பயனோ சிறிது. ட்சுகோங் இரங்கி, ஒரு நாளில் நூறு பாத்திகளுக்கு நீர் பாய்ச்சவல்ல கருவி ஒன்று உண்டே என்கிறார். மரத்தால் ஆனது, பின்புறம் கனமாகவும் முன்புறம் இலேசாகவும் அமைந்தது என்று விளக்குகிறார். அவர் கூறுவது ஏற்றமே. ஆள் ஏறி மிதிக்கும் பெரிய ஏற்றம் அன்று. ஒருவரே கயிற்றைப் பற்றி இழுக்கும் துலா வகை.

முதியவர் முகம் சிவக்கிறது, பின் சிரிக்கிறார். ஏற்றத்தை அறியாதவர் அல்லர் அவர். அறிந்தே அதனை நாணி விலக்குபவர். பொறி வந்தால் பொறிக்குரிய வேலைகள் வரும். அவ்வேலைகள் வந்தால் மனமும் பொறியின் இயல்பை அடையும். அத்தகைய மனம் தூய்மையும் அமைதியும் இழக்கும் என்பது தம் ஆசிரியரிடம் அவர் கேட்ட பாடம். ட்சுகோங் தலைகுனிகிறார். முப்பது 'லீ' தொலைவு நடந்த பின்னரே அவருக்குத் தன்னிலை திரும்பியதாம். குறைந்த முயற்சியில் மிகுந்த பயன் பெறுவதே சான்றோர் வழி என்று தாம் அதுகாறும் கொண்டிருந்த கொள்கையே ஆட்டம் கண்டுவிட்டது என்று உடன் வந்த சீடரிடம் அவர் கூறுகிறார்.

செயலின்மை நெறியின் பேராளராக இக்கதையில் நிற்பவரே எல்லாரினும் கடுமையாக உழைக்கிறார் என்பது நோக்கத்தக்கது. அவர் விலக்கியது உழைப்பை அன்று. மிகுதியை நாடி விரையும் மனநிலையை.

இக்கதையை எடுத்தாண்டோர் பலர். 1932ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் வெர்னர் ஹைசன்பர்க், இயற்கையைப் பற்றி இன்றைய இயற்பியல் கொண்டுள்ள நோக்கினை ஆராய்ந்து 1955இல் வெளியிட்ட நூலில் இதனைக் குறிப்பிட்டுள்ளார். அணுவின் உள்ளியல்பை ஆராய்ந்தவருக்கும் அத்தோட்டக்காரரின் அச்சம் பொருளற்றதாகத் தோன்றவில்லை போலும்.

பலரும் இத்துடன் கதையை நிறுத்திவிடுகின்றனர். மூலம் நிறுத்தவில்லை. ஊர் திரும்பிய ட்சுகோங் நடந்ததைக் கன்பூசியஸிடம் கூறுகிறார். அம்முதியவர் ஒன்றை அறிந்தவர், இரண்டாவதை அறியாதவர். அகத்தைச் செம்மை செய்பவர், புறத்தைச் செய்யாதவர் என்று கன்பூசியஸ் விடையளிப்பதாக நூல் அமைத்துள்ளது. இது புகழ்ச்சியா, குறை கூறலா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுகின்றனர். இன்று நம் கையில் உள்ள வடிவில் நூலைத் தொகுத்த குவோ சியாங், கி.பி. 312இல் மறைந்தவர், இதனைக் குறை என்றே கொண்டார். நிகழ்காலத்துக்கு முதுகு காட்டிப் பழமையை மட்டும் பற்றிக்கொள்பவர் மெய்யான தாவோ நெறியினர் அல்லர் என்பது அவர் கருத்து. நாமும் அவர் பக்கமே சாய்கிறோம். கருவியைத் தொடாமையினாலேயே மனத்தூய்மை நிலைபெறும் எனின், அத்தூய்மையும் ஒரு கருவியையே சார்ந்திருக்கிறது அன்றோ?

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. இதே நூலின் 14ஆம் இயலில் இதே ஏற்றம் மீண்டும் வருகிறது. இம்முறை நல்ல எடுத்துக்காட்டாக! மாறிவிட்ட காலத்தில் பழைய சடங்குகளை வலிந்து புகுத்த முயன்று கன்பூசியஸ் அல்லலுறுகிறார் என்று ஓர் இசைக்கலைஞர், கன்பூசியஸின் அன்பு மாணவரான யென் யுவானிடம் கூறுகிறார். அப்போது அவர் காட்டும் உவமை ஏற்றம். இழுத்தால் தாழ்கிறது, விட்டால் உயர்கிறது. மனிதர் அதனை இழுக்கின்றனர். அது மனிதரை இழுப்பதில்லை. ஆகவே தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் அது யாருடைய பகைக்கும் ஆளாவதில்லை.

இரு இயல்களையும் எழுதியவர் ஒருவராக இல்லாதிருக்கலாம். ஆயினும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது, அளவுகோல் பற்றிய நம் வினாவுக்கு விடை புலப்படுகிறது. ஏற்றம் வேண்டுமா வேண்டாவா என்பதன்று சிக்கல். கயிற்றின் எந்த முனையில் நாம் நிற்கிறோம் என்பதே சிக்கல். போதும் என்று மனம் சொல்வது மெய்யா, நடிப்பா என்பதையும் இதனைக் கொண்டே சோதித்துவிடலாம். கையிலுள்ள பொருளை விட்டுவிட்டு எழுந்து செல்ல இயல்கிறதா என்று பார்த்தால் போதும். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியையும் கைப்பேசியையும் முற்றிலும் தடை செய்யும் பெற்றோர் தோட்டக்காரரின் வழியினர். கட்டுப்பாடே இன்றி விட்டுவிடுவோர் ட்சுகோங்கின் பழைய கொள்கையினர். இசைக்கலைஞர் காட்டிய வழியோ இரண்டினும் கடினமானது. பொருளைக் கையாண்டுகொண்டே, விடவேண்டிய நொடியில் விடும் பயிற்சியை அது வேண்டுகிறது. பிள்ளைகளுக்கு அதனைச் சொல்லிக் கொடுக்க முயலுமுன், இரவு உணவுக்கு அமர்கையில் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவர நம்மால் இயல்கிறதா என்று பெரியவர்களாகிய நாமே பார்த்துக்கொள்ளலாம்.